டூர் பஸ்ஸில் மிஞ்சிய காப்பி

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு கரண்டி பிடித்தே பழகிய கை இது. பேனா பிடித்தால் எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்த சோளத்தட்டு மாதிரி ஒரு பக்கமாகப் போகிறது. எந்த இடத்தில் எந்த 'ர' போட வேண்டும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. எதிரே நாலு பேர் உட்கார்ந்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன வாரம் என் மனைவி செல்லம்மா செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவளுடைய மகளிர் குழுவில் தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று நாள் டூர் போகிறார்களாம். எந்த இடத்துக்கு எப்போது போவது என்று வரிசையாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், நேரம் ஆகும். காலையில் எடப்பாடியில் புறப்பாடு. பிறகு சிற்றுண்டி, 'பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு'. பிறகு ஒரு கோயில். பிறகு தேநீர், 'பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு'. கோயில் பெயர்களைவிட அந்த வரிதான் அதிகமாக வந்தது. நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, படிச்சுப்போட்டு செலையாட்ட நிக்கறீங்க? போவட்டுமா, வேண்டாமா?"

"போ. தாராளமாப் போயிட்டு வா" என்றேன்.

நான் கோயில் டூர் பஸ்ஸில் சமையல்காரனாக இருந்தவன். இப்போது டூர் என்றால் போனில் வருகிறது. அப்போது மஞ்சள் தாளில் நோட்டீசு அடிப்பார்கள். எங்கள் டூரை நடத்தியவர் நாச்சிமுத்து அண்ணன். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பார், சின்ன விஷயத்துக்கும் சாமியைக் கூப்பிடுவார். நோட்டீசு ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சுவதும் என் வேலைதான். அந்தப் பசை கொதிக்கும் வாசம் மூக்கில் ஏறினால், அடுத்த வாரம் பஸ் கிளம்புகிறது என்று எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும். இன்றைக்கும் கல்யாண வீட்டில் யாராவது மைதாவைக் கரைத்தால் எனக்குக் கால் துறுதுறுவென்று இருக்கும்.

அந்த நோட்டீசில் பெரிய எழுத்தில் இருப்பது கோயில்களின் எண்ணிக்கை. அதை வைத்துத்தான் ஜனங்கள் பஸ்ஸைத் தேர்ந்தெடுப்பார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் டூர் நடத்துகிற ஒருவர் நம்மைவிட ஒரு கோயில் கூடப் போட்டுவிட்டால் நாச்சிமுத்து அண்ணனுக்குச் சோறு இறங்காது. மறுவருடம் இரண்டு கோயிலைச் சேர்த்துவிடுவார். நாள் கூடாது, பஸ்ஸும் அதே பஸ்தான். கோயில் நடை திறப்பதும் சாத்துவதும் நம் கையில் இல்லை. அப்போது எதைக் குறைப்பது? நிற்கிற இடத்தைத்தான். வருடா வருடம் நோட்டீசில் கோயில் ஏறியது, வழியில் பஸ் நிற்பது குறைந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை. என் கவலையெல்லாம் காப்பியைப் பற்றி.

பஸ் கூரையில் அண்டா, அடுப்பு, விறகு, பிறகு வந்த நாளில் கேஸ் சிலிண்டர், எல்லாம் கட்டிக்கொண்டு போவோம். விடியற்காலையில் புளியமரம், கிணறு என்று தோதான இடம் பார்த்து நிறுத்தி அடுப்பை இறக்குவோம். டீசல் வாசமும் காப்பி வாசமும் ஈரமண் வாசமும் கலந்து ஒரு வாசம் வரும். அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஆண்கள் ரோட்டோரமாக நடந்து போய்விட்டு வந்து, கை கழுவி, இரண்டு டம்ளர் வாங்கிக் குடிப்பார்கள். பெண்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நான் தூக்குவாளியைக் கொண்டுபோய் நீட்டுவேன்.

"வேண்டாமுங்க மாஸ்டரு."

அடுத்த சீட்டிலும் அதேதான். "எனக்கும் வேண்டாஞ்சாமி."

பாதிக் காப்பி மிஞ்சும். கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றுவேன். சங்ககிரியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் என் காப்பியைக் குடித்து வளர்ந்த புளியமரங்கள் இருக்கின்றன.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அப்போது அழுகை வந்தது. சமையல்காரனுக்கு மிஞ்சிய பாத்திரத்தைப் பார்ப்பதைவிட வேறு வேதனை கிடையாது. என் காப்பி மட்டம் என்றே முடிவு செய்துவிட்டேன். தூள் கடையை மாற்றினேன். சிக்கரியைக் குறைத்தேன். ஒரு வருடம் சுக்கு தட்டிப் போட்டேன், ஒரு வருடம் பனைவெல்லம் போட்டேன். பால் கெட்டியாக இருக்கட்டும் என்று போகிற ஊரில் எல்லாம் மாட்டுக்காரர் வீட்டைத் தேடி ஓடினேன். ஆண்கள் "மாஸ்டரு, இந்த வருசம் காப்பி அமிர்தம்" என்று இன்னொரு டம்ளர் கேட்டார்கள். பெண்கள் வருடம் தவறாமல் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று கேட்டிருக்கலாம். ஆனால் பெண்கள் சீட்டுப் பக்கம் நின்று ஒரு முழு வாக்கியம் பேசுகிற தைரியம் எனக்கு எங்கே இருந்தது? தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டே கேட்பேன், தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டே திரும்பிவிடுவேன்.

நாச்சிமுத்து அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நம்ம பொம்பளைங்க வெரதமப்பா. சாமி பாக்காம பச்சத்தண்ணி பல்லுல படாது. அவங்க பக்தியிலதான் நம்ம பஸ்ஸே ஓடுது."

பாதி நம்பினேன். சாமி பார்த்த பிறகும் அவர்கள் குடிக்கவில்லை என்பது மீதிப் பாதியில் குத்திக்கொண்டே இருந்தது.

அப்படியிருக்க ஒரு வருடம், டூருக்குப் பணம் கட்டியிருந்த ஒரு தறிப் பட்டறைக்காரர் வீட்டில் யாருக்கோ அம்மை போட்டு, ஒரு சீட்டு காலியாகிவிட்டது. "உங்கூட்டு அம்மிணியக் கூட்டிட்டு வாப்பா" என்றார் அண்ணன். செல்லம்மா அதுவரைக்கும் மேட்டூர் அணையைத் தாண்டி எதையும் பார்த்தவள் இல்லை. எண்ணெய் வைத்துத் தலை குளித்து, புதுச் சீலையை மடிப்புக் கலையாமல் பையில் வைத்து, கிளம்புவதற்கு முன்தினமே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். இவள் வீட்டில் என் காப்பி உள்ளே போகாமல் விளக்குமாற்றைத் தொடமாட்டாள். பஸ்ஸில் இவள் குடிப்பதைப் பார்த்தாவது மற்ற பெண்கள் கை நீட்டுவார்கள் என்று நினைத்தேன்.

முதல் நாள் விடியலில் டம்ளரை நீட்டினேன். செல்லம்மா பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். அந்தம்மா என்னவோ கண்ணைக் காட்டினாள். செல்லம்மா டம்ளரைத் திருப்பித் தந்துவிட்டாள்.

"வேண்டாமுங்க."

சொந்த மனைவியே! அன்றைக்கு முழுக்க நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாம்பாரில் உப்புக்கூடக் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது.

மறுநாள் உச்சி வெயிலில், கும்பகோணத்துப் பக்கம் ஒரு கோயில் வரிசையில் அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நெற்றி கொதித்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா நாடியைப் பிடித்தபடியே சத்தம் போட்டார்கள்.

"தண்ணியே குடிக்கலையாம்மா? டூர் பஸ்ல வர்றவங்க எல்லாருமே இப்படித்தான் வந்து படுக்கறீங்க. அடக்கி அடக்கி வச்சா சிறுநீரகம் என்னத்துக்கு ஆகும்?"

பாட்டிலில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் கேட்டேன். "ஏம்புள்ள, என்ற காப்பிதான் புடிக்கல. தண்ணியாச்சும் குடிக்கப்படாதா?"

அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க காப்பிக்கு என்ன கொறைச்சல்? குடிச்சா எங்கீங்க போறது? விடிஞ்சப்பறம் பஸ்சு எங்க நிக்குது? நின்னாலும் நாலாபக்கமும் ஆம்பளைங்க. பஸ்ல ஏறுனதுமே பக்கத்துச் சீட்டக்கா சொல்லிப்போட்டாங்க, 'அம்மிணி, பொழுது எறங்கற வரைக்கும் வாயில தண்ணி படாம பாத்துக்க'ன்னு. எல்லாரும் அப்படித்தானுங்க."

எனக்கு அப்போது கண்முன் வந்தது அந்தப் புளியமரங்கள்தான். எத்தனை வருடம், எத்தனை பெண்கள். நான் சுக்குத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் செல்லம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. பஸ்ஸில் கடைசி சீட்டில் படுக்க வைத்தோம். இன்னும் இரண்டு நாள் டூர் பாக்கி. இப்படியே போனால் அவளுக்கு மறுபடி வந்துவிடும், இனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். நான்தான் நாச்சிமுத்து அண்ணனிடம் பேசியாக வேண்டும். பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். டயரைத் தட்டிப் பார்த்தேன். கடைசியில் பஸ்ஸில் ஏறி, முன்னால் இருந்த அண்ணனிடம் போய் நின்றேன்.

"அண்ணா, இனிமே பஸ்ஸ அங்கங்க நிறுத்தோணுமுங்க."

"எதுக்கப்பா?"

"நிறுத்தோணுமுங்க."

"அதான் எதுக்குங்கறேன்?"

 நான் கடைசி சீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மேச்சேரி சரசக்கா. ஆட்டுப் பட்டி வைத்திருப்பவர், அந்த டூரில் வந்திருந்தார். மலையடிவாரத்தில் நின்று ஆடு கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"அந்தத் தம்பி சொல்லாது. நான் சொல்றேன். பொம்பளைங்க ஒதுங்க எடமிருக்கற பக்கமாப் பாத்து நிறுத்துங்க. நான் ஆட்டையே அந்தந்த நேரத்துக்கு ஓட்டி நிறுத்தறவ. நாங்க என்ன மூட்டையா, ஏத்துனா எறக்கற வரைக்கும் கெடக்க?"

பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. முன் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். "சாமி பாக்க வந்தமா, இதுக்கு வந்தமா?"

"நீங்க பேசாதீங்க மாமா. நீங்க பாக்கற மரத்துக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டு வாறவரு."

பஸ்ஸே சிரித்தது. பெரியவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். நாச்சிமுத்து அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் மஞ்சள் நோட்டீசு இருந்தது.

"அக்கா, அப்படி நின்னு நின்னு போனா ரெண்டு மூணு கோயில் உட்டுப்போவுமே. நோட்டீசுல போட்டுட்டனே. ஜனங்க என்னையச் சும்மா உடுமா?"

சரசக்கா பஸ் பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மா, கோயில் கொறஞ்சாலும் பரவால்லைங்கறவங்க கையத் தூக்குங்க."

 முதலில் கடைசி சீட்டில், படுத்தபடியே ஒரு கை மேலே வந்தது. மருந்து ஏற்றிய இடத்தில் பஞ்சு ஒட்டிய கை. அதற்குப் பிறகு வளையல் சத்தம்தான். ஒவ்வொரு சீட்டிலும் கை. நாச்சிமுத்து அண்ணன் நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சாமி மன்னிக்கட்டும்" என்றார். மறுநாள் காலையில் ஒரு சத்திரத்தில் நிறுத்தினோம். பெண்கள் பக்கம் நாலு சுவர், கதவு, தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் தூக்குவாளி காலியாகத் திரும்பியது. எனக்கே காப்பி மிஞ்சவில்லை.

அடுத்த வருட நோட்டீசில் கோயில்கள் குறைந்தன. திருச்செங்கோட்டுக்காரர் சிரித்தார். ஆனால் எங்கள் பஸ் முன்னாலேயே நிறைந்துவிட்டது. அதற்கடுத்த வருடம் அவரும் குறைத்துவிட்டார். பிறகு நாலுவழிச் சாலை வந்தது, சாலையோரம் பெரிய ஓட்டல்கள் வந்தன. கழிப்பறைக்காக அங்கே நிறுத்த ஆரம்பித்தோம். நிறுத்தினால் ஜனங்கள் சும்மா ஏறுவார்களா? தோசை சாப்பிட்டார்கள். தோசை சாப்பிட்டவர்கள் என் உப்புமாவை எதற்குத் தேடுவார்கள்? முதலில் காலைச் சமையல் நின்றது, பிறகு மதியம். ஒரு வருடம் பஸ் கூரையில் அண்டா ஏறவில்லை, நானும் ஏறவில்லை. நிறுத்தச் சொல்லிப் போய் நின்றவன் நான்தான், அதில் என் வேலையும் நின்றுபோனது. வருத்தம் உண்டா என்று கேட்டால், அந்த டீசலும் காப்பியும் கலந்த வாசத்துக்காகக் கொஞ்சம் உண்டு. மற்றபடி அப்பாடா என்றுதான் இருக்கிறது. இப்போது கல்யாணச் சமையலுக்குப் போகிறேன். எந்த மண்டபத்துக்குப் போனாலும் அடுப்படியைப் பார்ப்பதற்கு முன்னால், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பெண்கள் பக்கக் கதவில் தாழ்ப்பாள் விழுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு வருவேன். அதற்கும் வெட்கம்தான்.

செல்லம்மா நேற்று கிளம்பினாள். சற்றுமுன் வழியில் ஓர் ஓட்டலிலிருந்து போன் செய்தாள். பின்னால் ஒரே சிரிப்பும் பாத்திரச் சத்தமும்.

"ஏனுங்க, இங்க காப்பி வாயில வைக்க முடியல. வெறுந்தண்ணி."

"அதுக்காகக் குடிக்காம இருக்காத புள்ள."

"ஆரு குடிக்காம இருந்தா? இது ரெண்டாவது டம்ளரு" என்றாள்.

போனை வைத்துவிட்டு, தாள் தேடி எடுத்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

தை மாதம் இருபதாம் தேதி, எடப்பாடி.