பேனாவைத் தொட்டவர்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்து மலைமேல் கொட்டச்சேட்டை அடுத்த ஒரு காபி எஸ்டேட்டில், கூலிக் கணக்கு எழுதும் ரைட்டராகப் பணியாற்றினேன். அப்போது எங்கள் எஸ்டேட்டைச் சேர்ந்த இளைஞன் ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை உறுதியாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன், செடிகளின் கிளை கழிக்கும் கவாத்து வேலையின்போது எழுந்த வாய்த்தகராறில், கையிலிருந்த கத்தியாலேயே மேஸ்திரியை வெட்டிவிட்டான். சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் வழியில், மலைப்பாதையிலேயே மேஸ்திரி உயிர்விட்டார். கொன்றவனின் தாயும் கொல்லப்பட்டவரின் மனைவியும் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயன்களில் ஒன்றில், நான்கு கதவுகள் தள்ளிக் குடியிருந்தார்கள். ஒருவர் குடம் நிரப்பிச் சென்ற பிறகே மற்றவர் குழாயடிக்கு வருவார்.

நீதிமன்றங்கள் யாவும் கைவிட்டபின் கருணை மனு ஒன்றே எஞ்சியது. சேலத்தில் ஒரு வழக்கறிஞர், மரண தண்டனையை ஒழிக்க வேண்டுமென்று சிலரைச் சேர்த்துக்கொண்டு கூட்டங்கள் நடத்திவந்தார். அடிவாரத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது அவர்களுடைய துண்டறிக்கை என் கையில் கிடைத்தது. உயிருக்கு உயிர் என்பதே நியாயம் என்று எண்ணி வளர்ந்தவன் நான். ஆயினும், காலைதோறும் ஆபீஸ் படியருகே வந்து ஒரு சொல்லும் பேசாமல் நின்றுவிட்டுப் போகும் அந்தத் தாயைக் கண்டு, என் நியாயம் தளர்ந்துபோயிற்று. வழக்கறிஞரைத் தேடிச் சென்றேன்.

"உங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க," என்றார் அவர். "செத்தவரோட சம்சாரம் சம்மதிச்சா, அந்த ஒண்ணு நூறு கையெழுத்துக்குச் சமம்."

அது காபிப் பழம் பறிக்கும் பருவம். சமவெளியிலிருந்து வந்த கூலியாட்களால் லயன்கள் நிறைந்திருந்தன. எழுதத் தெரிந்தவர் சிலரே. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பின்னர் தானே எழுத்தைத் தேடிக்கொண்ட எனக்கு, கைநாட்டு என்பது என் மக்களின் மீது இடப்பட்ட கறையாகவே தோன்றிற்று. குடியரசுத் தலைவர் மேசைக்குப் பெருவிரல் மையா போவது? ஆகவே எங்கள் பக்கத்துப் பழைய வழக்கப்படி, ஒவ்வொருவரும் என் பேனாவைத் தொட்டுக்கொடுக்க, அவரவர் பெயரை நானே எழுதினேன்.

"ஏனுங்க ரைட்டருங்க, இதத் தொட்டா நாளைக்கு லீவுங்களா?" என்றாள் ஒரு கிழவி.

"உனக்கு லீவு வுட்டா எஸ்டேட்ட மூடோணும் ஆத்தா!" என்றார் பின்னால் நின்றவர். வரிசை முழுவதும் சிரித்தது.

மேஸ்திரியின் மனைவி கடைசியாக வந்தாள்.

"அவனத் தூக்குல போட்டா என்ற ஊட்டுக்காரரு வந்துருவாருங்களா? எழுதுங்க," என்று பேனாவைத் தொட்டாள். அவள் பெயரை என் மிகச் சிறந்த எழுத்தில் எழுதினேன்.

பொங்கல் கழிந்து சேலத்துக்குச் சென்றேன். வழக்கறிஞர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுத்து முத்துமுத்தா இருக்குங்க. ஆனா எல்லாம் ஒரே கை. ஒருத்தரே உக்காந்து எழுதுனதுன்னு தூக்கிப் போட்டுருவாங்க. கைநாட்டே போதுமே, ஏனுங்க வாங்கல?"

மை தோய்த்த பஞ்சு டப்பாவுடன் மலையேறினேன். பறிப்பு முடிந்து கூலியாட்கள் ஊர் திரும்பியிருந்தனர். லயன்களில் பாதிக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. இருந்தவர்களின் விரல்களைப் பதித்துக்கொண்டு, இறுதியாக மேஸ்திரியின் மனைவியிடம் சென்றேன்.

"இன்னொரு தடவ வேணும் அம்மிணி. இந்தத் தடவ விரல் மட்டும் வெச்சாப் போதும்," என்றேன்.

"அன்னிக்கு எப்படியோ மனசு வந்துச்சுங்க," என்றாள். "போன வாரம் என்ற புள்ளைக்குக் காது குத்துனோம். தாய்மாமன் மடியில உக்காந்துக்கிட்டு, அப்பன் எங்கன்னு கேட்டுப்போட்டாளுங்க. இனி முடியாதுங்க. நொம்பக் கேக்காதீங்க."

மை டப்பாவை மூடிக்கொண்டு திரும்பினேன்.

குறைவான கைநாட்டுகளோடு, மேஸ்திரி மனைவியினது இல்லாமலே மனு சென்றது. மழைக்காலம் முடியுமுன் நிராகரிக்கப்பட்டதென்று செய்தி வந்தது. வழக்கறிஞரின் கூட்டத்தார் தந்திகள் அடித்தனர். நானும் ஒன்று அடித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

மறுவாரம் அவன் தாய் ஆபீஸ் படியருகே வந்தாள். அன்றுதான் முதன்முறையாக வாய் திறந்தாள்.

"அந்தக் காயிதத்துல அவ பேரும் இருந்துச்சுங்களா?"

யாரைச் சொல்கிறாள் என்பதை நான் அறிவேன்.

"இருந்ததுங்க," என்றேன்.

அவள் தலையசைத்தாள். அன்று மாலை குழாயடியில், மேஸ்திரியின் மனைவியின் குடம் நிரம்பி வழிய, அந்தத் தாய் அதைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்ததை ஆபீஸ் ஜன்னல் வழியே கண்டேன். அனுப்பிய மனுவில் மேஸ்திரி மனைவியின் விரல் இல்லை என்ற உண்மையை அந்தத் தாயிடம் சொல்ல எழுந்தேன். கதவு வரை நடந்து, அங்கேயே நின்றுவிட்டேன்.