மூன்றாவது கட்டைக்குப் பிறகு வெல்லம்

எங்கள் குவார்ட்டர்ஸில் குதிரை ஏறத் தெரிந்த ஒரே பெண் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. ஆவடியில் மற்ற வீட்டுப் பெண்கள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனார்கள், சர்ச் கொயரில் பாடினார்கள். நான் சனி, ஞாயிறு காலைகளில் சாண வாடையோடு வீடு திரும்பினேன். குளித்துவிட்டுத்தான் ஆராதனைக்குப் போவேன், ஆனாலும் பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும்.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதினாறு வயது. அயனம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில், முள்செடிகளை வெட்டிச் சமன் செய்த மைதானத்தில் அந்தக் குதிரையேற்றப் பள்ளி இருந்தது. நடத்தியவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், அவரை மாஸ்டர் என்போம். எட்டுக் குதிரைகள், எல்லாமே பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. கார் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அப்பா தொழிற்சாலையில் வெல்டர். குதிரைகள் தாண்டிக் குதிக்கிற கட்டைகளைத் தாங்க இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டியிருந்தன. ஓய்வு நேரத்தில் அப்பா அவற்றை அடித்துக் கொடுத்தார், மாஸ்டர் பதிலுக்கு என்னைக் குதிரையில் ஏற்றினார்.

எனக்குக் கிடைத்தது செவலை. நிறத்தை வைத்து லாயத்துக்காரர் அதை அப்படித்தான் கூப்பிடுவார். நெற்றியில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளைப் பொட்டு உள்ள பெண் குதிரை. அதற்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். கட்டையை நோக்கி நன்றாக ஓடி வரும், கிட்டே வந்ததும் நின்றுவிடும். மேலே இருப்பவர் மட்டும் தாண்டிப் போய் அந்தப் பக்கம் விழுவார். இரண்டு பேர் கையை ஒடித்துக்கொண்ட பிறகு யாரும் அதில் ஏறுவதில்லை. இலவசமாக வந்தவளுக்கு வேண்டாத குதிரை. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

அந்த வருஷம் பள்ளியின் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மாஸ்டர் சொன்னார், "இந்தத் தடவை இது சுற்றை முடிக்கணும். முடிக்கலன்னா பீச்சுல சவாரி விடறவன் கேட்டுக்கிட்டே இருக்கான், குடுத்துடப் போறேன். நிக்கிற குதிரைக்கு எத்தனை வருஷம்மா புல்லு போடறது?"

மெரினா மணலில் நாள் முழுக்க, மாற்றி மாற்றிப் பிள்ளைகளைச் சுமக்கிற குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். விலா எலும்பை எண்ணலாம். அன்றைக்கு லாயத்தில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது என் தாவணி நுனியை மென்றுகொண்டிருந்தது.

குதிரைக்குக் கையால் தின்னக் கொடுக்கக் கூடாது என்பது பள்ளியின் முதல் சட்டம். கொடுத்துப் பழக்கினால் கடிக்க ஆரம்பிக்கும் என்பார் மாஸ்டர். மீறிய ஒரு பையனை அன்றே வீட்டுக்கு அனுப்பியதும் உண்டு. நான் மீறினேன். மாலைகளில் மாஸ்டர் இருக்க மாட்டார். லாயத்துக்காரரைக் கெஞ்சி செவலையை வெளியே எடுப்பேன். அப்பா அதுவரை மூன்று ஜோடி ஸ்டாண்டுதான் முடித்திருந்தார், ஆகையால் மூன்று கட்டைகள்தான். மூன்றையும் தாண்டினால் நிறுத்தி, சேணத்தில் இருந்தபடியே குனிந்து, இடது கையால் ஒரு துண்டு வெல்லம். முதல் வாரம் ஒரு கட்டைகூடத் தாண்டவில்லை. மூன்றாவது வாரம் மூன்றையும் காற்றாகத் தாண்டியது. தாண்டி முடித்ததும் தானே நின்று, கழுத்தை இடது பக்கம் திருப்பி என் கையைத் தேடும். எனக்கு உலகமே கைக்கு வந்துவிட்டது. வீட்டில் வெல்ல டப்பா குறைவதற்கு அம்மா எறும்பைத் திட்டினாள், பிறகு அப்பாவைத் திட்டினாள்.

போட்டியில் எட்டுக் கட்டைகள். அது எனக்குத் தெரியும். நான்தானே மேலே இருக்கப் போகிறேன், மூன்றாவது தாண்டியதும் காதுக்குள் இரண்டு வார்த்தை சொல்லிக் கிளப்பிவிடலாம் என்று நினைத்தேன். போட்டிக்கு முன்னால் முழு வரிசையையும் குதிரைக்குக் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் ஒத்திகையும் இல்லை. இன்னொரு விதியும் இருந்தது. யாருக்கு எந்தக் குதிரை என்பதை அன்று காலை சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். பழகிய குதிரையில் எவனும் ஓட்டுவான், பழகாததில் ஓட்டுகிறவன்தான் சவாரிக்காரன் என்பது மாஸ்டரின் கட்சி. இதுவும் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அவர் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டு இருந்தேன்.

அப்பாவின் பழைய காக்கி யூனிஃபார்ம் பேண்ட்டைப் பிரித்து அம்மா எனக்குச் சவாரிக் கால்சட்டை தைத்தாள். கடன் வாங்கிய தொப்பி கண்ணை மறைத்தது, உள்ளே துண்டு வைத்து அடைத்தேன். விடியற்காலையில் போய் செவலையைத் தேய்த்துக் குளிப்பாட்டிப் பிடரி மயிரைப் பின்னிவிட்டேன். என் தலையை அப்படி ஒருநாளும் பின்னிக்கொண்டதில்லை.

மாஸ்டர் தன் தொப்பியைத் திருப்பிப் பிடித்தார். நான் எடுத்த சீட்டில் இருந்தது வயதான வெள்ளைக் குதிரை. யாரை ஏற்றினாலும் பஸ் மாதிரி ஒழுங்காகச் சுற்றி வருகிற குதிரை அது. எல்லாரும் என் அதிர்ஷ்டத்தைப் பாராட்டினார்கள். செவலை, அண்ணா நகரில் இருந்து காரில் வருகிற ஒரு கல்லூரிக்காரனுக்குப் போயிற்று. கை முரடு, சாட்டையை விடமாட்டான்.

அப்போதே மாஸ்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பத்தடி தூரத்தில்தான் நின்றார். சொன்னால் என்னையும் வீட்டுக்கு அனுப்புவார் என்ற பயம். அதைவிட, அப்பா வேலி ஓரத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சொல்லவில்லை. அந்தக் கல்லூரிக்காரனிடம்தான் போனேன். கைக்குட்டையில் இருந்த வெல்லத்தைக் கொடுத்து, "மூணாவது தாண்டினதும் நிக்கும். அடிக்காதீங்கண்ணா. இடது கையில இதைக் காட்டுங்க, போதும்" என்றேன்.

"ரூல்ஸ் தெரியாதா உனக்கு? குதிரைக்கு எதுக்கு? எனக்கே பசிக்குது" என்று சிரித்து, வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

அண்ணனூர் பக்கத்தில் இருந்து யாரோ கொண்டுவந்த தண்டவாளத் துண்டுதான் எங்கள் மணி. அதைத் தட்டினால் சவாரி தொடங்கும். ஒரு நிமிஷத்துக்கு மேல் குதிரை நின்றுவிட்டால் மறுபடி தட்டுவார்கள், அவுட். வேலிக்கு வெளியே இருந்து யாராவது குரல் கொடுத்தாலும் அவுட். நான் கயிற்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் கட்டை. தாண்டியது. கூட்டம் நம்பாமல் கை தட்டியது. இரண்டாவது. மூன்றாவதைக் கட்டைக்கு மேல் அரை அடி இடைவெளி விட்டு மிதந்து தாண்டியது, மாஸ்டரே "சபாஷ்" என்றார். அப்புறம் நின்றது. கழுத்தை இடது பக்கம் திருப்பியது. அவன் குதிகாலால் இடித்தான். அது பொறுமையாகக் காத்திருந்தது. சாட்டை விழுந்தது. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மறுபடி இடது பக்கம் பார்த்தது, அங்கே கை இல்லை. மூன்றாவது அடிக்குத் தலையைத் தூக்கி மைதானம் முழுக்கத் தேடியது. என்னைப் பார்த்துவிட்டது.

அவன் கடிவாளத்தை இழுக்க இழுக்க, அவனையும் சுமந்துகொண்டு நேராக என்னிடம் வந்தது. வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி என் கையை முகர்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். யாருடைய குதிரையோ வந்து நிற்பதுபோல் ஓரடி பின்னாலும் நகர்ந்தேன். தண்டவாளம் ஒலித்தது.

அடுத்து என் முறை. வெள்ளைக் குதிரை எட்டுக் கட்டைகளையும் தாண்டியது, நான் மேலே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டாம் பரிசுக் கோப்பை. அப்பா அழுதார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை, அதனால் நானும் சிரித்துவைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் லாயத்தில் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"காலையில சொல்லியிருந்தா அந்தக் குதிரையை இறக்கியே இருக்க மாட்டேன். நாலு நாள்ல அந்தப் பழக்கத்தை மாத்தியிருப்பேன். அது தாண்டற குதிரைம்மா. இவ்வளவு நாளா எனக்குத் தெரியாமப் போச்சு."

"இப்ப மாத்துங்க சார்."

"பீச்சுக்காரன் இன்னிக்கு வந்திருந்தான். போட்டி முடிஞ்ச கையோட வாக்கு குடுத்துட்டேன்."

ராணுவத்துக்காரர், சொன்ன சொல் தவற மாட்டார். அப்பா என்னைக் கூட்டிப் போகும்போது கோப்பையை எல்லாரும் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை. பத்து மணிக்கு லாயத்துக்காரர் சைக்கிளில் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாப்பா, லாரி வந்து நின்னுகினு கீது. செவலை ஏற மாட்டேங்குது. காலைலேர்ந்து நாலு பேரு இஸ்துகினு கீறோம், ஒரு அடி நகரல. நீ கொஞ்சம் வா பாப்பா."

"நான் வரமாட்டேன்."

"நீ வரலன்னா இன்னா ஆவும்? அந்தாளு கட்டை எட்துக்கினு நிக்கிறான். எப்டியும் ஏத்தத்தான் போறான். அடிச்சு ஏத்துவான், அவ்ளோதான்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் ஷோகேஸில் இருந்த கோப்பையைப் பார்த்தார். அம்மா சமையலறைக்குள் போய், நான் கேட்காமலே, வெல்ல டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்டதே இல்லை.

மைதானத்தில் லாரியின் பின்கதவில் இருந்து தரைவரை பலகை சாய்த்திருந்தார்கள். செவலை நான்கு கால்களையும் ஊன்றி நின்றது. பின்னங்காலில் புதுக் காயம், ஈ மொய்த்தது. என்னைப் பார்த்ததும் காதுகள் முன்னால் வந்தன. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். கயிற்றைப் பிடித்தேன், இழுக்கவில்லை. நான் பலகையில் ஏறினேன், அதுவும் பின்னாலேயே ஏறியது.

மூன்று எட்டு வைத்ததும் நின்றது. கழுத்தை இடது பக்கம் திருப்பியது.

கொடுத்தேன். இன்னும் மூன்று எட்டு. மறுபடி கொடுத்தேன். உள்ளே போய்ச் சேர்ந்ததும் மீதி இருந்த வெல்லம் முழுவதையும் லாரியின் தரையில் கொட்டினேன். அது குனிந்து தின்னத் தொடங்கியது. நான் இறங்கியதும் பலகையை எடுத்துக் கதவைப் பூட்டினார்கள்.

"பார்த்தியா, எவ்ளோ சமத்தா ஏறிக்கிச்சு" என்றார் பீச்சுக்காரர். என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.