முன்னுரிமைப் பட்டியலில் என் அக்கா

எங்கள் வார்டின் ஓய்வறையில் கெட்டிலுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். வியர்த்து வழியும் முகத்தோடு ஒரு பூமி உருண்டை. அதன் கீழே, தேவையான அளவு தண்ணீரை மட்டும் கொதிக்கவையுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு வரி. அந்தக் கெட்டிலுக்கு இரண்டடி தள்ளி, அறையைச் சூடாக்கச் சுவரில் பதித்த ரேடியேட்டர் தொட முடியாத அளவுக்குக் காய்ந்துகொண்டிருக்கும். சூடு தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். வெளியே பனி, உள்ளே அனல். சுட வைத்த காற்றெல்லாம் தெருவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இதைப் பார்த்து மலைத்துப்போய், உடன் வேலை செய்த ஜேனட்டிடம் ரேடியேட்டரைக் காட்டி, இதை ஏன் இப்படி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்தான் கேட்டேன். ஜேனட் நல்லவள். "ஐயோ பாவம், குளிருதா லவ்?" என்றாள். இங்கே எல்லோரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள். எழுந்து போய் ரேடியேட்டரின் திருகை இன்னும் ஒரு சுற்றுக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்போது சிரித்தேன். இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. நான் இருப்பது நெஞ்சு நோய் வார்டு. வாழ்நாள் முழுக்கச் சிகரெட் பிடித்த கிழவர்கள், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பார்கள். அவர்கள் முகத்தில் நெபுலைசர் முகமூடியை மாட்டி, சுவரிலிருக்கும் சுவிட்சைத் தட்டுவேன். மருந்து புகையாகி உள்ளே போகும். பத்து நிமிடத்தில் முகம் தெளியும். அந்த சுவிட்சைத் தட்டினால் கரண்ட் வருமா என்று இத்தனை வருடத்தில் யாரும் ஒருமுறைகூட யோசித்ததில்லை. ஒவ்வொரு முறை தட்டும்போதும் நான் யோசிக்கிறேன். ஏனென்றால் இதே நோய், இதே மருந்து, இதே முகமூடி, சாலவாக்கம் பக்கத்தில் ஒரு காலனியில் இருக்கும் என் அக்கா ஞானம்மாவுக்கும் உண்டு. அவள் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை.

போன வருடம் இங்கே நான் குடியிருக்கும் ஊரின் நூலக அரங்கில், எரிசக்தியின் எதிர்காலம், நாம் எதற்கு முன்னுரிமை கொடுக்கப்போகிறோம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். நானும் போனேன். பேசியவர் மென்மையான குரலுள்ள மனிதர். காற்றாலை, அணு உலை, கடல்மட்டம் என்று ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வந்தவர், ஒரு படத்தில் நிறுத்தினார். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி, விறகடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கிறாள். "இவர்கள் பூமிக்குப் பாரமில்லாமல் வாழ்கிறார்கள். இவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, "இருமலையும் கற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டேன். அரங்கமே சிரித்தது. நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பேசியவரும் சிரித்தபடி எனக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

முன்னுரிமை என்ற சொல்லை நான் முதலில் தெரிந்துகொண்டது பள்ளிக்கூடத்தில் அல்ல, கரண்ட் ஆபீஸில். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் காலனியில் ஒரு வீட்டுக்கும் மின்சாரம் கிடையாது. ஆனால் கம்பி இருந்தது. ஊருக்குள்ளிருந்து புறப்பட்ட லைன் எங்கள் கூரைகளை ஒட்டிப் போய், மேட்டுக் கழனிகளின் கிணற்று மோட்டார்களில் முடிந்தது. எங்கள் தலைக்கு மேலே கரண்ட் போகும். கீழே நாங்கள் சிம்னி விளக்கை ஏற்றுவோம். அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டாள். என்னை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அக்காதான். வெளியே அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை. உமி எரியும் அடுப்பின் வாய்க்கு நேராக எட்டு மணி நேரம். வீட்டுக்கு வந்தால் வேலிக்காத்தான் முள்ளை ஒடித்து எரிக்கிற அடுப்பு. மழைக்காலத்தில் அந்த ஈர விறகு எரியாது, புகையத்தான் செய்யும். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவேன். அவள் உள்ளேயே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பாள்.

மாதம் ஒருநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, காலனிக்கு லைட் வேண்டும் என்ற மனுவோடு அக்கா கரண்ட் ஆபீஸுக்குப் போவாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். அங்கிருந்த கிளார்க் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"பிரயாரிட்டி லிஸ்ட்டு இருக்குதும்மா. அதும்படிதான் குடுப்போம்."

"அந்த லிஸ்ட்ல நாங்க எங்க கீறோம் சார்?"

"கீழ இருக்கீங்க."

"கீழன்னா எவ்ளோ கீழ சார்? எங்களுக்குக் கீழ யாரு கீறாங்க, அத்தயாவது சொல்லுங்க."

கிளார்க் பேரேட்டை மூடிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என்னிடம், "பிரயாரிட்டின்னா இன்னாடி?" என்று கேட்டாள். யாருக்கு முதலில் என்று முடிவு பண்ணுவது என்றேன். "அப்போ நமக்குக் கடேசின்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு சொல்லு" என்றாள்.

வந்தது. நான் நர்ஸ் படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வீட்டுக்கு ஒரு பல்பு என்று வந்தது. அடுப்பு மட்டும் அப்படியேதான் இருந்தது. நான் விமானம் ஏறும்போது அக்காவுக்கு மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியது. அவள் வீட்டுக்காரர், என் மாமா, இறந்துபோன வருடம் அது. துக்கத்தில் இளைக்கிறது என்று நினைத்தேன். நெஞ்சு நோய்க்கென்றே வேலை பார்க்கப்போகிற எனக்கு, வீட்டிலிருந்த நோய் கண்ணில் படவில்லை. இங்கே வந்து, சுரங்கத்துக் கிழவர்களின் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இன்று எனக்கிருக்கும் கோபத்தில் என் மேலுள்ள கோபமும் உண்டு.

அடுத்த லீவில் செங்கல்பட்டில் ஒரு நெபுலைசர் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். கேஸ் அடுப்பும் வாங்கிக் கொடுத்தேன். மெஷினை வைத்து, முகமூடியை மாட்டி, சுவிட்சைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா முகமூடிக்குள்ளிருந்தே சிரித்தாள். "பத்து மணிக்குப் புடுங்குவாங்க. ரெண்டு மணிக்குத்தான் வுடுவாங்க" என்றாள். மாநிலம் முழுக்க மின்வெட்டு நடந்துகொண்டிருந்தது. பட்டணத்துக்குக் கொஞ்சம் வெட்டு, டவுனுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, எங்களுக்கு மிச்சமெல்லாம். அக்காவுக்கு மூச்சு முட்டுவதோ காலை வேலையெல்லாம் முடிந்த பிறகு, சரியாகப் பத்து பதினோரு மணிக்கு. மூன்று நாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, அவள் மதியம் இரண்டு மணிக்காகக் காத்திருந்தாள். மருந்து இருக்கிறது, மெஷின் இருக்கிறது, படித்த தங்கச்சி பக்கத்தில் இருக்கிறாள். விசிறிமட்டையால் வீசிக்கொண்டிருந்தேன்.

நாலாவது நாள் காலையில் அக்கா மெஷினை வயர் கூடையில் வைத்துக்கொண்டு, "வா, போயிட்டு வரலாம்" என்றாள். ஆஸ்பத்திரிக்கு என்று நினைத்துப் போனேன். கரண்ட் ஆபீஸ் ஸ்டாப்பிங்கில் இறங்கினாள். பழைய கிளார்க் இல்லை; ஒரு இளம் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். அங்கேயும் மின்வெட்டுத்தான். ஆனால் இன்வெர்ட்டர் வைத்திருந்தார்கள். அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா நேராகப் போய், சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கூடையிலிருந்து மெஷினை எடுத்தாள். பக்கத்திலிருந்த பிளக்கில் சொருகினாள்.

"இன்னாம்மா இது? இன்னா மெஷினு?" என்று இன்ஜினியர் எழுந்தார்.

"மூச்சு மெஷினு சார். எங்க வூட்ல கரண்ட் இல்ல. இங்க கீது. அதான் வந்தேன்."

"அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போம்மா!"

"கரண்ட்ட நிறுத்தனது ஆஸ்பத்திரியா சார்? நீங்கதான நிறுத்தனது? அதான் உங்களாண்டயே வந்துட்டேன்."

முகமூடியை மாட்டிக்கொண்டாள். மெஷின் உறுமத் தொடங்கியது. பில் கட்ட வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஜினியர் கத்தினார், இது அரசாங்க ஆபீஸ் என்றார், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் யூனிஃபார்ம் போட்டு நடக்கிற நான், அக்காவின் கையைப் பிடித்து, "வாக்கா, போயிடலாம்" என்று இழுத்தேன். அவள் என் கையை உதறிவிட்டு, முகமூடிக்கு மேலே ஒற்றை விரலைக் காட்டினாள். இரு, முடியட்டும். பத்து நிமிடம் அந்த ஆபீஸில் மெஷின் ஓடியது. முடிந்ததும் முகமூடியைக் கழற்றித் துடைத்து, கூடையில் வைத்து, "நாளைக்கி வரேன் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வந்ததைவிட வேகமாக நடந்தாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஐந்தாவது நாள் இன்ஜினியரே அவளை உட்காரச் சொல்லி, தன் கையில் ஒன்றுமில்லை, மேலிருந்து வருகிற உத்தரவு, முதலில் கம்பெனிகள், அப்புறம் டவுன், அப்புறம்தான் கிராமம் என்று விளக்கினாராம். "லிஸ்ட்டு மாறவே இல்லியா சார் இன்னும்?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எங்கள் லைனுக்கு மின்வெட்டு மத்தியானத்துக்கு மாறியது. காலனியில் பெண்கள் அக்காவைச் சுற்றி நின்று கும்மாளம் போட்டார்கள். நான் நிம்மதியாக இங்கிலாந்து திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனில் அக்காவின் குரல் சரியில்லை. மூச்சு முட்டுகிறதா என்றேன். "அதில்லடி. நம்மளுக்கு வுட்ட கரண்ட்ட அந்தாண்ட காலனில புடுங்கிட்டாங்க. பத்துலேர்ந்து ரெண்டு, இப்போ அவங்களுக்கு. அங்கயும் எவளாவது இருமிக்கினு இருப்பா இல்ல?" என்றாள். விட்டுத் தள்ளு, உனக்குக் கிடைத்ததே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "நாளைக்கி அவங்களயும் கூட்டிக்கினு போறேன். எட்டு பேரு வராங்க." போனார்கள். இப்போது இரண்டு காலனிக்கும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று பிரித்துப் பிடுங்குகிறார்கள். வெட்டு குறையவில்லை. டவுனிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. கடைசியில் நின்றவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப்போல் வெளியே வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நமக்குச் சிக்கனம் சொல்லும்போது, நம் ஆட்சியாளர்கள் பதிலுக்கு ஒரு கணக்கை எடுத்து நீட்டுகிறார்கள்: எங்கள் நாட்டில் தலைக்கு இவ்வளவுதான் மின்சாரம், இவ்வளவுதான் புகை, எங்களைக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் ஒரே கோபம்தான். அந்தக் கணக்கைக் குறைத்துக் காட்டுகிற தலை என் அக்காவுடையது. அவள் எரிக்காத விளக்கைக் காட்டித்தான் ஆட்சியில் இருக்கும் நீங்கள் குளிர்சாதன அறையில் கூட்டம் போடுகிறீர்கள். வானிலை கெட்டு, ஏரிக்குத் தண்ணீர் வராமல் போனால் வேலை இல்லாமல் முதலில் உட்காருகிறவளும் அவள்தான். வெள்ளம் வந்தால் முதலில் கரைகிற சுவரும் அவளுடையதுதான். கெடுதலில் முதல் இடம், கரண்டில் கடைசி இடம். நாளைக்குச் சூரியனிலிருந்து எடுங்கள், காற்றிலிருந்து எடுங்கள், எதிலிருந்து வேண்டுமானாலும் எடுங்கள். அந்தக் கம்பியும் காலனிக்கு மேலேதான் போகும் என்றால், அதற்குப் புதுசு என்று பெயர் வைக்காதீர்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் இங்கே எரிசக்திக் கொள்கைக்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நானும் வரி கட்டுகிறவள்தானே என்று உட்கார்ந்து எழுதினேன். முதலில் தமிழில்தான் வந்தது, நிறுத்தாமல் ஒரு பக்கம். அப்புறம் ஆங்கிலத்தில் எழுதினேன். எதற்கோ, இரண்டையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். போன வாரம் பதில் வந்தது. உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி, இரண்டாவது பக்கத்தை எங்களால் படிக்க முடியவில்லை, வருந்துகிறோம்.

அக்காவுக்குப் போன் பண்ணி, தமிழ்ப் பக்கத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் கேட்டுக்கிற. அவங்களுக்கு இங்கிலீஸ்ல எழுதுனியே, அதுவும் இதேதானா?" என்றாள்.

"இதேதான்கா" என்றேன்.

பொய். ஆங்கிலப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் தயவுசெய்து என்று போட்டிருந்தேன். தமிழில் ஒரு இடத்தில்கூட அந்தச் சொல் இல்லை.