கைலி மடிப்பில் ஒரு கத்தி

கொச்சங்காடியில் ஒரு சந்து. மூட்டை தூக்கும் கிடங்கிலேயேதான் படுக்கை. வேலை முடிந்து வெளியே சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது இரண்டு பேர் அங்கே என்னை மடக்கினார்கள். என் பையில் ஒன்றும் இல்லை. அந்தக் கோபத்தில் கூடுதலாகச் சில அடிகள் விழுந்தன. கிழிந்த உதடு ஆறியதும் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். விரல் நீளம்தான் இருக்கும். வாங்குவது சுலபம், வைத்துக்கொள்ளத்தான் இடமில்லை என்பது பிறகு தெரிந்தது.

முதலில் சட்டைப் பையில் வைத்தேன். கிடங்கில் குனிந்தபோது சுக்கு மூட்டைக்குள் விழுந்துவிட்டது. மூட்டையையே அவிழ்த்துக் கொட்டித் தேடினேன். அடுத்து, கைலிக்கு உள்ளே போடும் அரை டிராயரின் பை. அது பத்திரமான இடம். டீக்கடைச் சேட்டனிடம் பெருமையாகச் சொன்னேன்.

“எடுக்கணும்னா கைலியத் தூக்கணுமே?”

“ஆமா சேட்டா.”

“அப்போ கத்தியே வேண்டா. கள்ளன் அதுக்கு முன்னாடியே ஓடிருவான்.”

சாயா குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது.

கடைசியில் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, இடுப்பில் அந்த மடிப்புக்குள் செருகினேன். கைக்கு உடனே எட்டியது. மூட்டை தூக்கினாலும் நழுவவில்லை.

அந்த வாரம், இனி யாரும் கிடங்கில் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற ஊர்களில் படுக்க இடம் போனால் ரயில் ஏறிவிடுவேன். இந்த ஊரை விட்டுப் போக மனம் வரவில்லை. சேட்டன் ஒரு வீட்டைக் காட்டினார். மாடியில் அறை காலி, கீழே தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம்.

வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். பின்னால் அவர் மனைவி. பெரியவர்களைக் கண்டால் மடித்த கைலியை இறக்கிவிடுவதுதான் இங்கே மரியாதை. யோசிக்கவே வேண்டாம், கை தானாகச் செய்துவிடும். செய்தது. கத்தி அவர் காலடியில் போய் விழுந்தது.

“இது எதுக்கு?”

“பழம் நறுக்க, இக்கா.”

“என்ன பழம்?”

எனக்கு ஒரு பழத்தின் பெயரும் வரவில்லை. உதட்டுத் தழும்பைக் காட்டி, சந்தில் நடந்ததைச் சொன்னேன்.

“கத்தி வச்சிருக்கவனுக்கா ரூம்? படச்சோனே!” என்றார் அந்த அம்மா.

பெரியவர் சிரித்தார். “குத்த வந்தவன் கைலிய எறக்கி விட்டுட்டா நிப்பான்? போய்ச் சாவியக் கொண்டா.”

சாவி வந்தது. கத்தி அந்த அம்மாவின் கைக்குப் போனது. “செருப்பையும் இதையும் கீழ வச்சிட்டுத்தான் மாடி ஏறணும். காலையில கேட்டு வாங்கிக்க.”

சில நாள் கேட்டு வாங்கினேன். ஒரு காலையில், “இரு, இதுலதான் அயிலை மீன் நறுக்கிட்டு இருக்கேன். சாயங்காலம் தர்றேன்” என்றார். சாயங்காலம் கத்தி வரவில்லை. ஒரு கிண்ணம் மீன்கறி மாடிக்கு வந்தது. நானும் கேட்கவில்லை.

இப்போதும் அதே சந்து வழியாகத்தான் வருகிறேன், வெறுங்கையோடு. கொஞ்சம் வேகமாக.