பெண் பார்க்க வந்த கழுத்து

கைரோபிராக்டிக் படிப்பதா, ஆஸ்டியோபதி படிப்பதா என்று நான் ஒருத்தி முடிவெடுக்க வேண்டிய விஷயத்தில், அமெரிக்காவில், பிளானோ நகரத்தில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கும் அபிப்பிராயம் இருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் அபிப்பிராயம் சொல்வதில் அவர்களுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

வித்தியாசத்தை நானே சொல்லிவிடுகிறேன். அப்போது சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். ஆஸ்டியோபதி என்றால் அமெரிக்காவில் முழு டாக்டர். நாலு வருஷம் மருத்துவக் கல்லூரி, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சில வருஷம் ரெசிடென்சி என்கிற பயிற்சி. மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம். கூடவே எலும்பையும் தசையையும் கையால் தொட்டுச் சரிசெய்யவும் கற்றுத்தருவார்கள். பெயருக்குப் பின்னால் எம்.டி.க்குப் பதில் டி.ஓ. என்று வரும், அவ்வளவுதான். கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்கிற தொழில். மருந்து இல்லை, கத்தி இல்லை, ரெசிடென்சி கட்டாயமில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுச் சொந்தமாக போர்டு மாட்டலாம். எனக்கு இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது.

அப்பா ஊருக்குள்ளேயே லெகசி என்கிற ஆபீஸ் வட்டாரத்தில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவர். டி.ஓ. இடம் கிடைத்த செய்தியைச் சொன்னதும், "எம்.டி. இல்லையா?" என்றுதான் கேட்டார்.

"எம்.டி. மாதிரியேதான்ப்பா."

"மாதிரின்னா?"

அந்த ஒரு வார்த்தையில் என் மூன்று வருஷ உழைப்பு போய்ச்சேர்ந்தது. கைரோபிராக்டிக்கிலும் இடம் இருக்கிறது என்றபோது வாய்விட்டே சிரித்தார். "சுளுக்கு எடுக்கறதுக்கு காலேஜ் வேற வெச்சிருக்கானா!"

இப்படிச் சிரித்த மனிதர் ஒரே மாதத்தில் தலைகீழாக மாறினார். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் யாரோ யாரிடமோ பேசி, மூன்று மணி நேரக் கார் தூரத்தில் இருக்கிற ரவுண்ட் ராக்கிலிருந்து ஒரு ஜாதகம் வந்ததுதான் காரணம். மாப்பிள்ளை பல் டாக்டர். சொந்த கிளினிக். கட்டடமும் அவர்களுடையதுதான், அதில் பக்கத்துக் கடை காலி. மாப்பிள்ளையின் அம்மாவும் எங்களைப் போல ஈரோட்டுப் பக்கம். போனிலேயே அந்த அம்மாள் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டார்.

"பல்லு ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம். ஒரே பில்டிங்ல ரெண்டு போர்டுங்க! பொண்ணு அந்தச் சின்னப் படிப்பையே படிக்கட்டும். பெரிய படிப்பை முடிக்கறதுக்குள்ள முப்பது தாண்டிருமுங்க."

அன்றிலிருந்து சுளுக்கு எடுப்பது எங்கள் வீட்டில் மகத்தான தொழிலாகிவிட்டது. அப்பா சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றிப் பாடம் நடத்தினார். "ரெண்டுமே டாக்டர்தானே? கல்யாணப் பத்திரிகையில பேருக்கு முன்னாடி டாக்டர்னுதான் போடப் போறோம். பின்னாடி என்ன எழுத்து இருக்குன்னு எவன் பார்க்கப் போறான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை ஈரோட்டில் படித்துவிட்டு இங்கே வந்தவள். அதனால் தமிழில் சண்டை போட எனக்கு நன்றாகவே வரும். "அப்ப பத்திரிகை அடிக்கறதுக்குத்தான் நான் படிக்கறேனாப்பா?" என்றேன். அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அம்மா மட்டும், "அவளே முடிவு பண்ணட்டுமே" என்று ஒருமுறை வாயைத் திறந்தாள். அப்பா முறைத்தார். அம்மா உடனே சட்னி அரைக்க எழுந்து போனாள். அப்பா மேல் வந்த கோபத்தைவிட அந்த மிக்சிச் சத்தத்தின் மேல் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது.

இவர்கள் யாரும் கேட்காத ஒன்று உண்டு. எனக்கு என்ன வேண்டும் என்று. அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

அந்த வருஷம் முழுவதும் நான் இந்திய மளிகைக் கடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கைரோபிராக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். நல்ல கை. குனிந்துகொண்டு வந்தவர்கள் நிமிர்ந்துகொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரிடமும் சில கேள்விகளை நான் கேட்டாக வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. கை மரத்துப்போகிறதா? சாமான் கையிலிருந்து நழுவுகிறதா? பொத்தான் போடக் கஷ்டமாக இருக்கிறதா? நடக்கும்போது கால் பின்னுகிறதா? ஆமாம் என்று யாராவது சொன்னால் அவர்களுடைய கழுத்தில் அவர் விரல்கூட வைக்கமாட்டார். கழுத்துக்குள்ளே தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம், திருப்பினால் ஆள் எழுந்திருக்காமலே போகலாம் என்பார். நேராக வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார்.

அப்படி அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்களுக்குப் பெரும்பாலும் தெரியவராது. அவர்கள் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வரும். அவர்கள் போய்ச்சேர்கிற இடத்தில் நான் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு ஆஸ்டியோபதிதான் வழி.

டி.ஓ. கல்லூரியில் சீட்டை உறுதிசெய்ய ஒரு திங்கட்கிழமை கடைசி நாள். அப்பா அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைப் பெண் பார்க்கக் குறித்தார். தற்செயலாக அமைந்ததாம். நம்பிவிட்டேன்! "அவங்க வந்துட்டுப் போகட்டும், அதுவரைக்கும் லேப்டாப்புல எதையும் அமுக்கித் தொலைக்காதே" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. சரி, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும் வந்தார்கள். வாசலில் அந்த அம்மாளின் செருப்பு வாரை மாப்பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்து கழற்றினார். என் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா மேல எவ்வளவு பாசம் பாரு!" என்று என் காதில் கிசுகிசுத்தாள். பெண் பார்க்க வருகிறவர் சேலை கட்டாமல் சுடிதாரில் வந்திருக்கிறாரே என்று முதல் பார்வையில் சுளித்த முகத்தை அந்தப் பாசத்துக்காக மாற்றிக்கொண்டாள். காபி டம்ளர் அந்த அம்மாள் கையில் ஆடி, கொஞ்சம் கம்பளத்தில் சிந்தியது. மாப்பிள்ளை செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே டம்ளரை வாங்கி மேஜையில் வைத்தார்.

கேசரிக்கும் பஜ்ஜிக்கும் நடுவில், பட்டுச்சேலையில், நான் உட்கார வைக்கப்பட்டேன். பாடச் சொல்வார்களோ என்று பயந்திருந்தேன். அந்த அம்மாள் அதையும் தாண்டிவிட்டார்.

"பாட்டெல்லாம் வேண்டாம் அம்மிணி. கழுத்து, முதுகெல்லாம் பார்க்கற படிப்பாமே? எங்க, என் கழுத்தைக் கொஞ்சம் நெட்டி எடுத்து விடு, பார்க்கலாம். மாசக்கணக்காப் புடிச்சுட்டுக் கிடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னும் எதுவும் படிக்கவில்லை, அங்கே போன் எடுக்கிற வேலைதான் பார்க்கிறேன் என்றேன்.

"தினமும் பார்க்கறல்ல? போம்மா, ஆன்ட்டி கேக்கறாங்கல்ல" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவமானத்தில் காது சூடாகியிருந்தது. தோளில் கை வைத்தேன். கட்டை மாதிரி இருந்தது. ஒரு வருஷப் பழக்கம், வாய் தானாகவே கேட்டது.

"கை மரத்துப்போகுதா ஆன்ட்டி?"

"போகுது. வயசாகுதுல்ல?"

"பொத்தான், கொக்கியெல்லாம் போட முடியுதா?"

"எங்க முடியுது! ஜாக்கெட் கொக்கி மாட்ட வர மாட்டேங்குது. அதனாலதான் சேலையே கட்டறதில்ல."

"நடக்கறப்ப?"

"காலு பின்னுது. செருப்பு சரியில்ல."

வாசலில் அவர் மகன் குத்தவைத்து உட்கார்ந்ததும், காபி சிந்தியதும், அந்தச் சுடிதாரும் ஒரு நொடியில் எனக்குப் புரிந்தன. சட்டென்று கையை எடுத்தேன்.

"நான் தொடமாட்டேன் ஆன்ட்டி. யாரையும் கழுத்தைத் திருப்ப விடாதீங்க. நாளைக்கே டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துருங்க."

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. "என்ன அம்மிணி, நல்ல காரியம் பேச வந்த எடத்துல ஸ்கேனுங்கற?"

மாப்பிள்ளை அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்டிஃப் நெக். ஐ ஆம் எ டாக்டர், ஓகே?"

"பல்லுக்கு" என்றேன்.

அதோடு சம்பந்தம் முடிந்தது. கேசரி அப்படியே இருந்தது. வாசலில் மாப்பிள்ளை மறுபடியும் குத்தவைத்து உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிவிட்டார். இந்தமுறை நான் அந்த அம்மாளின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் திரும்புவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "ரெண்டு விரலால சும்மா அப்படி இப்படித் தேச்சு விட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்! ஸ்கேன் எடு, அது எடுன்னு சொல்ல நீ என்ன பெரிய டாக்டரா?"

"இல்ல. அதுக்குத்தான் போறேன்."

பஜ்ஜித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, அதே மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். அப்பாவின் கண் முன்னாலேயே டி.ஓ. சீட்டை அக்செப்ட் பண்ணினேன். அந்தக் கோடைகாலம் முழுவதும் அப்பா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

நவம்பரில் தேங்ஸ்கிவிங் பண்டிகை லீவில் வீட்டுக்கு வந்தபோது அம்மா மளிகைக் கடையிலிருந்து ஒரு செய்தியோடு திரும்பினாள். அந்த மாப்பிள்ளையின் அம்மா குளியலறையில் விழுந்தாராம். ஸ்கேனில் கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது தெரிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது தேறிவிட்டாராம். பையன் டாக்டராக இருந்ததால் சரியான நேரத்தில் கண்டுபிடித்தான் என்று சங்கம் பூராவும் பேச்சாம்.

"நீ சொன்னப்ப அபசகுனம், அவன் சொன்னா மூளையா?" என்று அம்மா கத்திரிக்காய்ப் பையை மேஜையில் ஓங்கி வைத்தாள். என் பக்கம் அம்மாவின் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். கொஞ்சம் முன்னாடி உயர்ந்திருக்கலாம்.

மறுநாள் அந்த வீட்டிலிருந்தே போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் அந்த அம்மாள். "பையனுக்கு இன்னும் ஒண்ணும் அமையலைங்க. பக்கத்துக் கடையும் காலியாத்தான் கிடக்குது. பொண்ணு இந்தப் பெரிய படிப்பை இத்தோட விட்டுப்போட்டு, அந்தச் சின்னப் படிப்புக்கு மாறிக்கிட்டா, தை மாசமே பேசி முடிச்சரலாம்."

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு அந்த முகத்தில் ஆசை! "யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லட்டுமா?" என்றார்.

எனக்கு வாயில் நன்றாக வந்தது. போனைப் பிடுங்கினேன். பல் டாக்டர் பெருமையிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் கேட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் முதலில் வந்தது வேறு.

"ஆன்ட்டி, இப்ப கொக்கி மாட்ட முடியுதா?"

பதில் சொன்ன குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"முடியுது கண்ணு. இன்னைக்குச் சேலைதான் கட்டியிருக்கறேன். நானேதான் மாட்டினேன்."

"காலு பின்னுதா?"

"இல்ல சாமி."

"ரொம்பச் சந்தோஷம் ஆன்ட்டி" என்றேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. "அந்தக் கடையை வேற யாருக்காவது வாடகைக்கு விட்டுருங்க."

போனை அப்பாவின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போனேன்.