ஃபெலீசா ரொட்டியில் செய்த படகு

ஃபெலீசா போய்விட்டாராம்.

இப்போதுதான் அவருடைய மகள் மார்த்தாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், லாரிக்கு வழிவிட்டு ஓரமாக நின்று மூன்று தடவை கேட்டேன். என் ஸ்பானிஷ் துருப்பிடித்துவிட்டது... ஆனால் அந்த வார்த்தை புரிந்துவிட்டது.

இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கணவரின் வேலைக்காக நான்கு வருடம் அர்ஜென்டினாவில், புவனோஸ் ஐரிஸில் இருந்தோம். எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்குக் கீழே காய்கறிக்கடை வைத்திருந்தவர் ஃபெலீசா. அவரும் அந்த ஊர்க்காரர் இல்லை. பொலிவியாவின் மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். அறுபது வயது, இரட்டைப் பின்னல், மேலே எப்போதும் மூட்டுவலித் தைல வாசனை.

முதல் நாள் கடைக்குள் கால் வைத்ததும், "என்ன வேணும் மாமி?" என்றார்.

தூக்கிவாரிப்போட்டது. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது! ஸ்பானிஷில் 'மாமி' என்றால் அம்மா, கடைக்கு வரும் பெண்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கே சண்டையும் போட்டோம். மூலையில் மண் ஒட்டிய மரவள்ளியை, எங்கள் கப்பைக்கிழங்கைப் பார்த்து, "எங்க ஊர்க் கெழங்கு!" என்று கத்திவிட்டேன். "அது எங்க கெழங்கு. உங்க ஊருக்கு எப்படி வந்துச்சு?" என்றார். வீட்டுக்குப் போய் நெட்டில் தேடினேன். அவர் சொன்னதுதான் சரி.

அந்த நகரத்தில் பார்க்க எவ்வளவோ இருந்தது. ஆப்பரா அரங்கம், பழைய தியேட்டருக்குள் புத்தகக்கடை, சதுக்கத்தில் டாங்கோ... எல்லாவற்றையும் வாய்பிளந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை.

இரண்டாவது வருடம் ஆகஸ்டில் அப்பா இறந்துபோனார்.

விமானம் மாறி மாறி வந்தாலும் ஒன்றரை நாள் ஆகும். "நீ வந்து சேரறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்டீ" என்றான் அண்ணன். கணவர் வெளியூரில். காலை ஏழரை மணிக்கு, சமையலறையில் தனியாக நின்று, போனில் அப்பாவின் சிதையைப் பார்த்தேன்.

பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, "அரை கிலோ தக்காளி" என்றேன். பிறகு, "அப்பா போயிட்டார்" என்றேன்.

ஃபெலீசா தராசை விட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். நேராகப் போய் ஷட்டரை இழுத்து மூடினார். வேலை நாளில் அந்தக் கடை மூடி நான் பார்த்ததே இல்லை. வெளியே ஆட்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அசையவில்லை. உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து, மத்தியானம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா என்ன வேலை பார்த்தார்?"

"படகு ஓட்டினார். ஃபோர்ட் கொச்சியிலேருந்து வைப்பின் தீவுக்கு. போறதும் வர்றதும், முப்பது வருஷம்."

"என்ன பிடிக்கும்?"

"கப்பையும் மீன் கறியும்."

நவம்பர் முதல் தேதி கூப்பிட்டார். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் மேஜை. கறுப்புத் துணி, மெழுகுவத்தி, அவருடைய கணவர், தம்பி, பெற்றோர் படங்கள். சுற்றிலும் ரொட்டியில் செய்த ஏணிகள், குதிரைகள். இறந்தவர்கள் அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவார்களாம். இறங்க ஏணி, சுமை ஏற்றிப்போகக் குதிரை.

நடுவில் என் அப்பா. எப்போதோ நான் வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோ, பிரேம் போட்டு. எதிரில் வேகவைத்த கப்பை, மீன்.

பக்கத்தில் ரொட்டியில் ஒரு படகு.

"நான் கடலே பார்த்தது இல்லை மாமி. சரியா வந்திருக்கா?" என்றார்.

படகின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

பன்னிரண்டு அடித்ததும் அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். ஒருவர், "இவர் யாரு?" என்று அப்பா படத்தைக் காட்டிக் கேட்டார்.

"படகுக்காரர். ரொம்ப தூரத்திலேருந்து வரார். கொஞ்சம் நகருங்க, அவருக்கு எடம் விடுங்க."

அவர்கள் நகர்ந்தார்கள். நிஜமாகவே... ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார்கள்.

அடுத்த வருடம் அக்டோபரில் அங்கிருந்த பொலிவியாக்காரர்களின் மாதா திருவிழா. சும்மா பார்க்கப் போனேன். தெரு முழுக்க பித்தளை வாத்தியம், தரை அதிர்ந்தது. வரிசை வரிசையாகப் பெண்கள், அடுக்கடுக்கான பாவாடை, தொப்பி, ஜரிகைச் சால்வை. முன்வரிசை நடுவில் ஒரு மகாராணி.

பத்தடி அருகில் வந்த பிறகுதான் தெரிந்தது, ஃபெலீசா!

நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முனகுகிற ஃபெலீசா. ஒவ்வொரு சுழற்சிக்கும் பாவாடை குடையாக விரிந்தது. முகத்தில் சிரிப்பில்லை, வலியில்லை... கோயில் நடை திறக்கும்போது அம்மன் முகத்தில் பார்ப்போமே, அது. பக்கத்தில் கூட்டத்தோடு நடந்துகொண்டே போனேன். எத்தனை தெரு என்று தெரியாது.

தண்ணீர் குடிக்க நின்றபோது கேட்டேன், "முட்டி என்ன ஆகும் ஃபெலீசா?"

"மூணு வருஷம் ஆடறேன்னு மாதாவுக்கு வாக்கு குடுத்தேன். இது மூணாவது. முட்டியை நாளைக்குப் பார்த்துக்கலாம்."

பேண்ட் மறுபடி ஆரம்பித்தது. போய்விட்டார்.

நாளை மதியம் அடக்கமாம். கூட ஆடினவர்கள் எல்லாரும் திருவிழா உடையிலேயே வருகிறார்களாம், பேண்டோடு. தெருவை அடைத்துக் கூட்டம் இருக்கும் என்கிறாள் மார்த்தா.

அம்மாவிடம் சொன்னேன். சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். "எந்தா டீ இது... காய்கறிக் கடை நடத்தினவங்கன்னல்லே சொன்னே?"

"ஆமாம்மா. காய்கறிக் கடைதான்."

ஆடிக்கிட்டே போங்க, ஃபெலீசா.