கண்டோஜி ராவின் குதிரை

மோகனூரில் கண்டோஜி ராவ் இறந்துபோன செய்தியை நாமக்கல் சந்தையில் வைத்து ஜட்கா வண்டிக்கார முத்துசாமிதான் எனக்குச் சொன்னார். "டாக்டரய்யா போயிட்டாருங்க. நேத்தே எடுத்துட்டாங்களாமுங்க." சுற்றிலும் இரைச்சல். என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

மாட்டாஸ்பத்திரியில் அவரிடம் பல வருடம் கம்பவுண்டராக இருந்தவன் நான். மாடு வைத்திருந்த உங்களில் பலருக்கு அவரைவிட அவருடைய குதிரை பீமாதான் முதலில் நினைவுக்கு வரும். பழுப்பு நிறம், குட்டையான உடம்பு. எருமப்பட்டிப் பக்கம் வெக்கை நோயில் மாடுகள் விழுந்தபோது, மழையில் பாதை கெட்ட ஊர்களுக்கெல்லாம் மருந்துப் பெட்டியோடு அவரைக் கொண்டுசேர்த்தவள் அவள்தான். காய்ந்த சோளத்தட்டைத் தின்றுவிட்டு மறுநாளும் கிளம்பிவிடுவாள்.

டாக்டர் அதிகம் பேசமாட்டார். அந்தக் குதிரை இனத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு வந்துவிடும். மேற்குக் கடற்கரையில் வந்து இறங்கிய அரபுக் குதிரைகள் தக்காணத்து மட்டக்குதிரைகளோடு கலந்து, பீமா நதிக்கரையில் உருவான இனம் அது. மராட்டியப் படை செஞ்சிக்கும் தஞ்சாவூருக்கும் வந்தது அவற்றின் முதுகில்தான். அவருடைய முன்னோரும் அப்படி வந்தவர்களே. "பெரிய குதிரைக்குக் கொள்ளு வேணும். இதுக்கு வழியில கெடச்சது போதும். அதனாலதான் அவ்வளவு பெரிய படை இவ்வளவு தூரம் வர முடிஞ்சுது" என்பார்.

ஒரு கோடையில் ஊர்க் குதிரைகளுக்கு மூக்கில் சீழ் வடியும் நோய் வந்தது. மனிதரையும் தொற்றும், மருந்து கிடையாது. நோய் கண்ட குதிரையைச் சுட்டுவிட வேண்டும் என்பது சட்டம். கண்ணிமையில் ஊசி போட்டு, இமை வீங்கினால் நோய் என்று தீர்மானிப்போம். முத்துசாமியின் குதிரைக்கு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினார்.

"ஏனுங்க, உங்க குதிரைக்கு ஊசி போட்டீங்களா? எங்களுக்கு மட்டுந்தான் சட்டமுங்களா?"

"போட்டேன்" என்றார் டாக்டர். "அவளுக்கும் வீங்கியிருக்கு. நாளைக்கு முதல்ல அவதான்."

எனக்கே அப்போதுதான் தெரியும்.

மறுநாள் காலை போலீஸ்காரர் துப்பாக்கியோடு வந்தபோது முத்துசாமி முன்னால் வந்தார். "நீங்க தள்ளிப் போயிருங்க சாமி. நா புடிச்சுக்கறேன்." டாக்டர் கயிற்றைக் கொடுக்கவில்லை. அவள் காதருகே மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மராத்தி. மனைவி இறந்த பிறகு வீட்டு மொழியில் பேச அவருக்கு அந்தக் குதிரையை விட்டால் ஆளில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சொல்லி முடித்த பிறகே விலகி நின்றார்.

அவர் வேறு குதிரை வாங்கவில்லை. ஓய்வு பெற்றதும் மோகனூரில் ஆற்றோரம் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். போன தை மாதம், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறிப் பார்க்கப் போயிருந்தேன். நலம் விசாரித்து முடித்ததும் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் புரியாது. இருந்தாலும் கொஞ்சம் கேக்கறீங்களா?" என்றார்.

"பேசுங்க, கேக்கறேன்" என்றேன்.

மராத்தியில் ஆரம்பித்தார். நடுவில் ஒருமுறை சிரித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். வெயில் தாழும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பேச்சு. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.